ஒரு கை உசரம்

ஜன்னலை இழுத்து விடுங்க தம்பி, சாரல் அடிக்கு. முக்கால்வாசிதான் வரும், அதுக்கு மேல வராது. டவுன் பஸ்ஸு ஜன்னல்லா, அதுக்கு மேல வேலை பாக்காது.

இன்ஜினை எதுக்கு ஆஃப் பண்ணிட்டாருன்னு பாக்கீங்களா? பாலம் வந்துட்டு. கண்டக்டர் இறங்கிப் போயிருக்காரு, தண்ணி அளவுக் கோட்டைப் பார்த்துட்டு வருவாரு. மழைக்காலத்துல இங்கன எல்லா வண்டியும் இப்பிடித்தான். தண்ணி கோட்டுக்குக் கீழ நின்னா போவாங்க. தொட்டுட்டா திருப்பிருவாங்க. நீங்க ஊருக்குப் புதுசு போல. அந்தா பாருங்க, மூணாவது தூணு. மேல லைட்டு எரியுதுல்லா, அதுக்குக் கீழ. பேச்சியம்மன் படம் தெரியுதா? அவ தலைக்கு மேல செவப்பா பட்டையா ஒண்ணு ஓடுதுல்லா? அதான் அபாயக் கோடு.

அதை எழுதுனது நான்தான்.

சும்மா சொல்லல தம்பி. ஆவுடை ஆர்ட்ஸ்னு கேட்டுப் பாருங்க, இந்தப் பக்கம் யாரும் சொல்லுவாங்க. கட்சிச் சுவரு, டீக்கடை போர்டு, லாரிக்குப் பின்னால கண்ணடிக்கிற கிளி, எல்லாம் நம்ம கைதான். இப்பம் ஃப்ளெக்ஸு வந்துட்டு. செத்தவன் மூஞ்சியையும் பொறந்த பிள்ளை மூஞ்சியையும் ஒரே மெஷினு ஒரே சிரிப்போட அடிச்சித் தந்துருது. நான் அதுக்காக யாரையும் ஏசுறது இல்ல. ஃப்ளெக்ஸு மழைக்குக் கிழியும், என் எழுத்து கிழியாது. அவ்வளவுதான்.

படிப்பா? ராப்பள்ளிக்கூடம். பகல்ல பீடி இலை வெட்டு, பொழுது அடைஞ்சா பள்ளிக்கூடம். அங்க ஒரு வாத்தியாரு சொல்லுவாரு, எழுத்து தப்பா இருந்தா ஒருத்தன் திருத்திருவான், எழுத்து சாஞ்சிருந்தா ஊரே சிரிக்கும்னு. அன்னைக்குப் பிடிச்சேன். இன்னைக்கு வரைக்கும் என் எழுத்து சாஞ்சது இல்ல.

வீடு அக்கரையில, படுகைத் தெரு. ஊர்லயே பள்ளமான தெரு அதுதான். மக முத்துக்கனி பேறுகாலத்துக்கு வந்திருக்கா. பொட்டப் பிள்ளை பொறந்திருக்கு. இன்னும் முப்பது நாள் தீட்டுக் கழிக்கல. இந்தப் பையில என்னன்னு பாக்கீங்களா, கருப்பட்டியும் பூண்டும் வசம்பும். பிள்ளைக்கு வசம்பு இல்லைன்னு வீட்டுக்காரி காலையில இருந்து போன்ல நச்சரிச்சுட்டா. டவுன்ல ஒரு பள்ளிக்கூடச் சுவரு வேலை, மழையில திருக்குறள் பாதியில வழிஞ்சு ஓடிட்டு. சரி, வீட்டுக்காவது போவோம்னு வண்டி ஏறுனேன்.

கோடு எழுதுன கதையா? கேளுங்க, வண்டி எப்பிடியும் நிக்கத்தான போகுது.

முன்னால பழைய அளவு வேற தூணுல இருந்துச்சு. தலையாரி வந்து பாப்பாரு. வருசா வருசம் கார்த்திகையில தண்ணி அந்தப் பழைய கோட்டைத் தொடும், அவரு விசில் ஊதுவாரு, நாங்க பாயைச் சுருட்டிக்கிட்டு மேட்டுல இருக்க கல்யாண மண்டபத்துக்குப் போவோம். அங்க ரவை உப்புமா. தண்ணி வடிஞ்ச பெறகு வீட்டுக்கு வந்தா, சில வருசம் சுவத்துல தண்ணித் தடம் இருக்கும், சில வருசம் இருக்காது. இல்லாத வருசம் தலையாரியை ஏசுவோம். இருக்க வருசம் உப்புமாவை ஏசுவோம்.

பெறகு தூணெல்லாம் விரிசல் விட்டுட்டுன்னு சுத்தி காங்கிரீட் சட்டை போட்டாங்க. அதுல பழைய அளவும் போச்சு, பழைய பேச்சியும் போயிட்டா. பேச்சி எப்பிடித் தூணுக்கு வந்தாங்கீங்களா? பாலம் கட்டும்போது படித்துறையில இருந்த அவ பீடம் மண்ணுக்குள்ள போயிட்டு. இடத்தைப் பிடுங்குனவன்தான் இடம் கொடுக்கணும்னு ஊர்க்காரங்க தூணுலயே படமா எழுதி வச்சிட்டாங்க. அவ சாதாரணப் பட்டவ இல்ல தம்பி. பிள்ளை காக்கிறவ. பேறுகாலத்துப் பொம்பளைக்கும் பச்சைப் பிள்ளைக்கும் அவதான் காவல்.

சட்டை போட்டு முடிச்ச கையோட ஊர்ல வரி பிரிச்சு, ஆத்தாளை முதல்ல எழுது ஆவுடைன்னாங்க. எழுதுனேன். மடியில பிள்ளை, கையில சூலம், தலையில அக்கினிச் சடை. சாரத்துல நின்னு ஆத்தாளுக்குக் கண்ணு திறந்தேன் பாருங்க, கரையில நின்ன பொம்பளைங்க எல்லாம் குலவை விட்டாங்க. என் சர்வீஸ்ல அப்பிடி ஒரு படம் விழுந்தது இல்ல.

அதுக்குப் பெறகு ஒரு ஓவர்சியர் வந்தாரு. வெளியூர்க்காரரு, நல்ல மனுசன், பேச்சுக்குப் பேச்சு கைக்குட்டையால மூஞ்சியைத் தொடைப்பாரு. பாலத்துல கேமரா வைக்கப் போறோம், கேமரா பார்வைக்கு இந்த மூணாவது தூணுதான் தோதுன்னாரு. மூணு கால் வச்ச குழாயை நட்டு, ஒத்தைக் கண்ணை மூடிப் பார்த்து, ஏதோ கணக்குப் போட்டு, சாரத்துல ஏறி சாக்பீஸால ஒரு கோடு கிழிச்சாரு. "இந்த இடத்துல செவப்புப் பட்டை. அதை வச்சுக் கீழயும் மேலயும் அளவு எண்ணு எழுது. ரெண்டு நாள்ல வந்து பாக்கேன்"னு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.

எங்க கிழிச்சாருன்னு நினைக்கீங்க? ஆத்தா கழுத்துல. நட்ட நடுக் கழுத்துல.

கரையில நின்ன பொம்பளைங்க விடுவாளுவளா? "ஏ ஆவுடை, என்னய்யா இது? ஆத்தா கழுத்துல செவப்புக் கோடு போட்டா அறுத்துப் போட்ட மாதிரில்லா இருக்கும்?" ஒருத்தி, "தெருவுல மாசமா இருக்கவ எத்தனை பேரு, உமக்குத் தெரியாதா?" இன்னொருத்தி, "உம் மகளுக்கும் இப்பம்தான கல்யாணம் முடிஞ்சிருக்கு. யோசிச்சுக்கிடும்." அப்பிடியே போயிட்டாளுவ. பொம்பளைங்க ஏசுனாத் தாங்கிருவேன் தம்பி. யோசிச்சுக்கிடும்னு சொல்லிட்டுப் போனாளுவ பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

ஓவர்சியருக்குப் போன் பண்ணலாம்னு நினைச்சேன். ஒரு கோட்டுக்காகப் பெரிய மனுசனைத் தொந்தரவு பண்ணக் கூடாதுல்லா. நானும் எத்தனை வருசம் சுவத்துல வேலை பார்த்தவன். எந்த இடத்துல எது நிக்கணும்னு எனக்குத் தெரியாதா? ஆத்தா சடைக்கு மேல ஏத்திட்டேன். ரொம்ப இல்ல. ஒரு கை உசரம். இந்தா, இந்தத் தோள்ல இருந்து விரல் நுனி வரைக்கும். அவ்வளவுதான்.

எண்ணா? எண்ணையும் சேத்துத்தான் ஏத்துனேன். கோடு ஒரு இடத்துல எண்ணு ஒரு இடத்துலன்னு இருந்தா பாக்கிறவன் சிரிக்க மாட்டானா? எல்லாத்தையும் ஒண்ணு போல ஏத்திட்டேன். வேலைன்னா வேலை சுத்தமா இருக்கணும்.

ஓவர்சியர் வந்தாரு. சாக்பீஸ் கோடு அதுக்குள்ள சாரலுக்குப் போயிட்டு. பாலத்துல நின்னுக்கிட்டே எட்டிப் பார்த்தாரு. "என்ன ஆவுடை, பிரிண்ட் அடிச்ச மாதிரில்லா இருக்கு!"ன்னாரு. போட்டோ எடுத்துக்கிட்டாரு. இன்னைக்கும் அந்தப் போட்டோவை அவரு போன்ல முகப்பா வச்சிருக்காருன்னு சொல்லுதாங்க.

அந்தா கண்டக்டர் வாராரு. என்ன வே, எவ்வளவு நிக்கு?

கேட்டீங்களா? ஆத்தா கழுத்து வரைக்கும்ங்காரு. கோட்டுக்கு இன்னும் ஒரு கை கிடக்கு. போகலாமே வே! டிரைவர் என்ன சொல்லுதாரு? ம்... அவருக்கு மனசு இல்லையாம். கொஞ்சம் பொறுங்காராம். பழைய ஆளு. மெஷினு மேல நம்பிக்கை கிடையாது.

மெஷினைப் பத்திச் சொல்லணும்லா. அந்த லைட்டுக்குப் பக்கத்துல கறுப்பா உருண்டையா இருக்கு பாருங்க, அதான் கேமரா. அது பகலும் ராவும் அந்தச் செவப்புப் பட்டையையே பார்த்துக்கிட்டு இருக்கும். தண்ணி பட்டையைத் தொட்டுச்சோ, ஊர்ல உள்ள அத்தனை போனும் ஒண்ணா அலறும். ரேஷன் கடை மாடியில ஒலிபெருக்கி வேற. சோதிச்சுப் பார்த்த அன்னைக்கு எம் மச்சினன் மாடசாமி பயந்து போனைப் பரோட்டாக் கல்லுல போட்டுட்டான். எண்ணெயில வெந்த போனை அப்பம்தான் பார்த்தோம். மெஷினுக்கு ஆத்தைப் பத்தி என்ன தெரியும் தம்பி? மழையைப் பத்தித்தான் என்ன தெரியும்? நாம எழுதிக் கொடுத்ததுதான் அதுக்குக் கண்ணு. அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு.

சோதிச்ச அன்னைக்கு அலறுனதோட சரி. இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கூட அடிக்கல. பாயைச் சுருட்டுறது இல்ல, உப்புமா இல்ல, ஒண்ணும் இல்ல. ஆத்தா கோட்டுக்குக் கீழ நின்னு தண்ணியைப் பிடிச்சுக்கிடுதான்னு ஊரே சொல்லுது. கோயில் கொடைக்கு எனக்குப் பரிவட்டம் கட்டுனாங்க. எங்க தர்மகர்த்தா மண்டபத்துச் சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டாரு. "இனிமேல் போன் அடிச்சாத்தான் மண்டபம் திறக்கும். சும்மா சும்மா வந்து தரையெல்லாம் சேறாக்காதீங்க"ன்னுட்டாரு. நியாயம்தான. கல்யாணத்துக்கு விடுற இடம்.

போன வருசம் மட்டும் தெருவுல முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு. கோம்பையா வீட்டுல கட்டிக் கிடந்த ஆடு எல்லாம் போயிட்டு. ஆட்டைக் கட்டிப் போட்டது யாரு குத்தம்? அது ஆத்துத் தண்ணி இல்ல தம்பி, சாக்கடை எதுக்களிச்ச தண்ணி. ஆத்துத் தண்ணின்னா போன் அடிச்சிருக்கும்லா? அடிக்கல. அப்பம் சாக்கடைதான்.

இந்த மாடசாமிதான் ஒரு நாள் பரோட்டாவைப் பிச்சுக்கிட்டே கேட்டான், "அத்தான், கோடு கொஞ்சம் மேல போயிட்டோ?"

"உனக்கு மாவு கொஞ்சம் கெட்டியாயிட்டு, அதைப் பாரு மாப்ள"ன்னேன்.

"இல்லத்தான், பழைய கோட்டுக்குத் தண்ணி வரும்போது நம்ம ஆத்தங்கரை வேப்ப மரத்து அடியைத்தான் நனைக்கும். இப்பம் மரத்துல பாதி நனையுது, கோடு காஞ்சு கிடக்கே?"

"மரம் தாழ்ந்திருக்கும் வே"ன்னேன். கடையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. அவனும் சிரிச்சான். ஆனா பாருங்க, அந்த வருசமே வீட்டைக் காலி பண்ணி மேட்டுத் தெருவுக்குப் போயிட்டான். கேட்டா, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் பக்கம்ங்கான். பள்ளிக்கூடம் எங்க தெருவுலதான் இருக்கு.

இருங்க, வீட்டுல இருந்து போன்.

ஆங், சொல்லுட்டி. வசம்பு வாங்கிட்டேன்... என்னது? வாசப்படியிலயா? சரி. சரி, கேக்குது. அணை திறந்திருக்கான்னு டிவியில சொல்லுதானா? அவன் எல்லா வருசமும்தான் சொல்லுதான். போன் அடிச்சுதா? ரேஷன் கடையில சத்தம் கேட்டுதா? கேக்கலல்லா? பெறகு என்ன? சாக்கடைத் தண்ணியா இருக்கும். சாக்கைப் போட்டு வாசலை அடை... மாடசாமியா? அவன் எதுக்கு வந்தான்? கூட்டிட்டுப் போறேங்கானா? பச்சைப் பிள்ளையை இந்த மழையில தூக்கிக்கிட்டு எங்க போவ? முப்பது கழிக்காம நிலைப்படி தாண்டலாமா? நீதான மொதல்ல சொன்ன? மண்டபமும் பூட்டிக் கிடக்கு. அவனைப் போகச் சொல்லு. நான் பாலத்துக்கிட்டதான் நிக்கேன். என் கண்ணு முன்னாலதான் கோடு நிக்கு. காஞ்சு போயி நிக்கு. நான் பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்? வையி.

பொம்பளைங்க தம்பி. வாசல் நனைஞ்சா ஊரு முழுகிட்டும்பாங்க.

என்ன கேட்டீங்க? ஓவர்சியர் எங்க கிழிச்சாருன்னா? அதான் சொன்னேம்லா, கழுத்துல. ஆமா. இப்பம் தண்ணி நிக்கிறதும் கழுத்துலதான். அதுக்கு? அது சாக்பீஸ் கோடு தம்பி, அழிஞ்சு போச்சு. பெயிண்ட் கோடுதான் கணக்கு. அரசாங்கம் போட்டோ எடுத்து வச்சிருக்கதும் பெயிண்ட் கோட்டைத்தான்.

நீங்க என்ன வேலை பாக்கீங்க? மருந்துக் கம்பெனியா. நல்லது. அதான் எல்லாத்துலயும் தப்புத் தேடுதீங்க. உங்களைச் சொல்லிக் குத்தம் இல்ல, உங்க பொழப்பு அப்பிடி.

கண்டக்டரே! இப்பம் எவ்வளவு வே?

கண்ணு மறைஞ்சிட்டுங்காரு. ம்.

இருக்கட்டும். இன்னும் நெத்தி இருக்கு, சடை இருக்கு. சடைக்கு மேலதான் கோடு. ஆத்தா கண்ணை நான்தான் திறந்தேன் தம்பி, மூடவா விட்டுருவேன். தண்ணி சும்மா வந்து தொட்டுட்டுப் போகும். அவளுக்கு அபிசேகம் மாதிரி.

கையா? பையை இறுக்கிப் பிடிச்சிருக்கேன். வண்டி ஆட்டம். இன்ஜின் ஓடுதுல்லா... ஆமா, ஆஃப் பண்ணிட்டாருல்லா. நான்தான் சொன்னேன். அப்பம் ஆறு ஆட்டுது. இவ்வளவு தண்ணி போகும்போது கரை அதிரும். கரை அதிர்ந்தா வண்டி அதிரும். வண்டி அதிர்ந்தா பை விழும்.

ஏன் எல்லாரும் போனை எடுத்து எடுத்துப் பாக்காங்க? அடிச்சா சத்தம் கேக்கும்லா. எடுத்துப் பாக்கணுமா? நீங்களும் உள்ள வையுங்க தம்பி. யாருக்குப் போடப் போறீங்க? நூறுக்கா? நூறுக்குப் போட்டு என்ன சொல்லுவீங்க, கோட்டை எழுதுனவரு பக்கத்துல இருக்காரு, அவரு ஒண்ணுமில்லைங்காருன்னா?

நான் வேணும்னு எழுதல. ஆத்தா கழுத்தைப் பார்த்தீங்களா நீங்க? பார்த்திருந்தா நீங்களும் ஏத்தித்தான் எழுதியிருப்பீங்க. யாரா இருந்தாலும் ஏத்தித்தான் எழுதியிருப்பான்.

இந்தா, திரும்பவும் அடிக்கு. இல்ல, இல்ல, மெஷின் சத்தம் இல்ல. அது வேற சத்தம். இது எம் மக.

சொல்லு மக்கா. கனி? சத்தமாச் சொல்லு, இரைச்சலா இருக்கு... அம்மா எங்க? வாசலைத்தான் அடைச்சிக்கிட்டு நிக்காளா? மாடசாமி மாமா போயிட்டானா? சரி. நான்தான் போகச் சொன்னேன்... கட்டில் மேலயா? கட்டில் மேல எப்பிடி வரும் மக்கா, நல்லாப் பாரு, கூரை ஒழுகுதா இருக்கும். கீழ இருந்துதான் வருதா? அழாத. அப்பா சொல்லுதேன் கேளு. போன் அடிக்கலல்லா? எனக்கும் அடிக்கல. இங்கன யாருக்கும் அடிக்கல. பிள்ளை எங்க? தொட்டில்லயா? தூங்குதா? நல்லது, தூங்கட்டும். தொட்டில் நனையுதா? சேலையோட அடி நனையுதா?

சரி. பயப்படாத. உத்தரத்துல இருக்கிற முடிச்சை அவிழ்த்து, தொட்டிலை ஏத்திக் கட்டு. ரொம்ப வேண்டாம் மக்கா.

ஒரு கை உசரம்.

கனி?

லைன் கட்டாயிட்டு. மழைல்லா, டவர் இருக்காது.

எதுக்குத் தம்பி என் தோளைப் பிடிக்கீங்க? உக்காருங்க. நீங்க எல்லாரும் எதுக்கு இறங்கிப் போய்க் கரையில நிக்கீங்க, நனைஞ்சிருவீங்க. உக்காருங்க. கோடு நிக்கு பாருங்க, செவப்பா, காஞ்சு போயி, ஒரு சாய்வு கிடையாது.

தொட்டா அடிக்கும்.